அடுத்து எந்த நாவல்? அழவைப்பது மட்டும் வேண்டாம்

மஸ்கெலியா டீச்சர்:

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலை (கையில் காசு தரும் மேலதிக வேலை) இல்லாவிட்டால், பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். என் அம்மாவும் வருவார். முப்பத்து நான்கு வருடம் கொழுந்து எடுத்தவர். இப்போது முழங்காலோடு சண்டை பிடிப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை. ஆங்கில நாவல் ஒன்றை எடுத்து, வாரம் ஓர் அத்தியாயமாக நான் தமிழில் சொல்வேன். அவர்கள் போஞ்சிக்கு நார் உரித்தபடி கேட்பார்கள், குறுக்கே பேசுவார்கள், கதாபாத்திரங்களைத் திட்டுவார்கள்.

கடைசியாகச் சொன்னது டோனி மொரிசனின் முதல் நாவல், 1970இல் வந்த 'தி புளூவெஸ்ட் ஐ'. ஒஹாயோவில் பெக்கோலா என்ற கறுப்பினச் சிறுமி, நீலக் கண்கள் கிடைத்தால் தன்னை எல்லாருக்கும் பிடித்துவிடும் என்று நம்புகிறாள். இதை எப்படி விளங்கவைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். வீண் யோசனை. "கறுப்பி" என்று கூப்பிடப்படாமல் வளர்ந்தவள் எங்கள் லயத்தில், இந்த வரிசை வீடுகளில், யார்? பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் முகத்தில் பூசிய களிம்புகளின் பெயரெல்லாம் வரிசையாக வந்தன. ஆனால் தகப்பனே மகளைக் கெடுக்கும் இடம் வந்தபோது ஒருவர் பேசாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். என் பிழை.

அன்றிரவு அம்மா கேட்டார்: "அந்த ஊரில் ஒருத்தியும் சிரிக்கவே மாட்டாளா?"

அதனால்தான் கேட்கிறேன். கறுப்பினப் பெண் எழுத்தாளர்களின் நாவல்களில் அடுத்து எதை எடுக்கலாம்? அடி வாங்குவதற்கென்றே பிறந்த பெண்கள் வேண்டாம். வாய்த்துடுக்கு, தந்திரம், கோபம் எல்லாம் இருக்கட்டும். கையால் செய்யும் வேலை கதையில் தெரிய வேண்டும். மொரிசனின் 'பிலவ்ட்' மேசையிலேயே இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

பதுளைக்காரி:

டீச்சர், யோசிக்கவே வேண்டாம். சிம்பாப்வேயின் சிட்சி டங்கரெம்ப்கா 1988இல் வெளியிட்ட 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்'. அண்ணன் செத்ததற்குத் தான் வருந்தவில்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறாள் தம்பு. அதன் பிறகு புத்தகத்தை யார் கீழே வைப்பது?

அந்த நாடு அப்போது ரொடீசியா. வீட்டில் இருக்கும் காசு அண்ணனின் படிப்புக்கு மட்டும்தான் போதும். புத்தகத்தைச் சமைத்துப் புருஷனுக்குப் போடுவாயா என்று கேட்கிற தகப்பன். தம்பு தனியாக ஒரு துண்டு நிலத்தைக் கொத்திச் சோளம் போடுகிறாள், விற்றுப் பாடசாலைக் கட்டணம் கட்டலாம் என்று. அண்ணன் அந்தச் சோளத்தைத் திருடி ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பெருமை அடித்துக்கொள்கிறான். விஷயம் தெரிந்ததும் அவனைத் தரையில் தள்ளி அடிக்கிறாள் பாருங்கள், உங்கள் கூட்டம் கைதட்டும்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வரும் இடம். ஆசிரியர் ஒருவர் அவளை நகரத்துக்குக் கூட்டிப் போகிறார். சின்னப் பிள்ளையை வேலை வாங்குகிறாயா என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவி சண்டைக்கு வருகிறாள். ஆசிரியர் இல்லாததும் பொல்லாததும் சொல்லிச் சமாளிக்க, கிழவி மனம் இரங்கிப் பத்துப் பவுண் கொடுத்துவிட்டுப் போகிறாள். சோளம் விற்க வந்தவளுக்குக் கிடைத்தது தருமக்காசு! கேட்டவுடன் தகப்பன் அந்தப் பணம் தன்னுடையது என்று தலைமையாசிரியரிடம் போய் நிற்கிறார். அவளுடைய உழைப்பு எங்கே போயிற்று என்று அம்மாவிடம் கேளுங்கள், ஒரு ஞாயிறு முழுக்கப் பேச்சு ஓடும்.

பிற்பகுதியில் வரும் தகப்பனின் சகோதரர் சித்தப்பாவோ பெரியப்பாவோ என்று குழம்ப வேண்டாம், அவர் தகப்பனுக்கு மூத்தவர், அதனால் பெரியப்பா. அவருடைய மகள் நியாஷா சாப்பாட்டோடு போராடும் பகுதி கனமானது. அதை முன்னமே சொல்லிவையுங்கள்.

ஹட்டன் பழைய தபால்காரன்:

மகள், ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அமெரிக்க அடிமைமுறைக் கதைகளைச் சொல்லும்போது "நம்மைப் போலத்தான்" என்ற பேச்சு உடனே வரும். கொஞ்சம் பொறுங்கள். எங்கள் பாட்டன்மாரைத் தமிழ்நாட்டிலிருந்து கடனோடு கொண்டுவந்தார்கள். மன்னாரிலிருந்து மலைக்கு நடந்த வழியிலேயே பலர் செத்தார்கள். 1948இல் குடியுரிமையும் போயிற்று. கொடுமைதான். ஆனால் தாயின் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி ஏலம் போடும் சட்டம் எங்கள் தோட்டங்களில் இருக்கவில்லை. 'பிலவ்ட்' அந்த இடத்தில் நிற்கும் கதை. 1856இல் தப்பியோடிப் பிடிபட்ட மார்கரெட் கார்னர் என்ற தாய், மகள் மறுபடி அடிமையாகக் கூடாது என்று தன் கையாலேயே அவளைக் கொன்றாள், அதிலிருந்து முளைத்தது. அதை நம் கதையின் படியால் அளக்க வேண்டாம். மேசையிலேயே இருக்கட்டும், அதற்கும் ஒரு நாள் வரும்.

சிரிப்புக் கேட்ட உங்கள் தாயாருக்கு ஆண்ட்ரியா லெவி, 2010இல் வந்த 'தி லாங் சாங்'. ஜமேக்காவில் கரும்புத் தோட்டம். ஜூலை என்ற கிழவி, அச்சகம் நடத்தும் மகனின் தூண்டுதலால் தன் அடிமைக்காலக் கதையை எழுதுகிறாள். வேண்டாததை மறைப்பாள், முடிவை மாற்றுவாள். மகன் குறுக்கே வந்து கேட்டால் அவன்மேல் பாய்வாள். துரைசானி அவளுடைய பெயரை மார்கரீட் என்று மாற்றிவிடுகிறாள். செக்ரோலில் (தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில்) பெயர் பிழையாகப் பதிந்துபோய் அப்படியே வாழ்ந்து முடித்த நம்மவர்களுக்கு இது நன்றாக விளங்கும். விருந்து மேசைக்கு நல்ல விரிப்புக்குப் பதிலாகக் கட்டில் விரிப்பைப் போட்டு வைக்கும் வேலைக்காரர்களும் உண்டு. நான் பஸ்ஸில் வாசித்துச் சிரித்து, பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

தலவாக்கலையிலிருந்து கொழும்புக்கு:

ஆங்கில டீச்சர் என்றால் ஜமேக்கா கின்கெயிட் என்ற எழுத்தாளரின் 'லூசி' உங்களுக்காகவே எழுதியது. 1990இல் வந்தது, சிறிய நாவல். கரிபியன் தீவு ஒன்றிலிருந்து பத்தொன்பது வயதில் அமெரிக்க வீடொன்றுக்குப் பிள்ளை பார்க்கும் வேலைக்கு வருகிறாள் லூசி. பார்த்தேயிராத டாஃபடில் பூவைப் பற்றிய ஆங்கிலக் கவிதையைச் சின்ன வயதில் மனப்பாடம் செய்து ஒப்புவித்தவள். வீட்டு எஜமானி ஆசையோடு அந்தப் பூக்களைக் காட்டக் கூட்டிப் போனால், இவளுக்கு அவற்றை வெட்டிச் சாய்க்க வேண்டும் போலிருக்கிறது. எஜமானி நல்லவள். அதுதான் சிக்கல்.

என் சித்தி பதின்மூன்று வயதில் கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்குப் போனவர். "நல்ல வீடு" என்றுதான் இன்றைக்கும் சொல்வார், அந்த வீட்டைப் பற்றி வேறொன்றும் சொல்லமாட்டார். லூசியை வாசித்த பிறகு நான் அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

இஸ்தோப்பு:

ஜோரா நீல் ஹர்ஸ்டனை எல்லாரும் மறந்துவிட்டீர்களா? 1937இல் வந்த 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்'. ஹெயிட்டியில் இருந்துகொண்டு ஏழே வாரத்தில் எழுதியது. வேலை முடிந்து இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், உட்கார்ந்திருக்கும் சனம், மூன்றாம் புருஷனைப் புதைத்துவிட்டு ஊர் திரும்பும் ஜேனியின் உடுப்பையும் தலைமுடியையும் பிய்த்துப் பேசுவதில் கதை தொடங்குகிறது. நம் லயத்தில் நடப்பதுதானே! அவரைக்காய் பறிக்கும் கூலிகள், இரவில் பாட்டு, சூதாட்டம், எல்லாம் உண்டு. ஆனால் அந்த உரையாடல் முழுக்கப் பேச்சு மொழி. புத்தகத் தமிழில் சொன்னால் செத்துப்போகும். உங்கள் அம்மா பேசுகிற மாதிரியே சொல்லுங்கள்.

எழுதியவர் 1960இல் வறுமையில் இறந்தார், கல்லறையில் பெயர்கூட இல்லை. 1973இல் எழுத்தாளர் அலிஸ் வாக்கர் தேடிப்போய்க் கல் வைத்தார்.

மஸ்கெலியா டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்னது உறைத்தது. அந்த "நம்மைப் போலத்தான்" என் வாயிலிருந்தும் இரண்டு முறை வந்திருக்கிறது.

தம்புவிலிருந்து தொடங்குகிறேன். முதல் வாக்கியத்தை நேற்று அடுப்படியில் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். ரொட்டியைப் புரட்டாமல் நின்றார். தாய்மாமா எட்டாம் வகுப்பு வரை படித்ததும், அம்மா இரண்டாம் வகுப்போடு மலைக்குப் போனதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். "அவ்வளவு சோளத்துக்கு எருவுக்கு என்ன செய்தாள்?" என்று கேட்டார். பதுளை அக்கா, புத்தகத்தில் இருந்தால் சொல்லுங்கள்.

எழுந்து போன அக்காவின் வீட்டுக்கும் போனேன். மன்னிப்புக் கேட்டேன். ஜூலைக் கிழவியின் கட்டில் விரிப்புக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். வருகிறேன் என்றார். "அந்த மாதிரி இடம் வந்தால் எனக்கு முதலில் கண்ணைக் காட்டு. நான் தேத்தண்ணீர் ஊற்றப் போகிறேன்."