லெகோ ஊசல் மணிக்கூடு: கொஞ்ச நேரம் ஓடி நின்னுடுது, ஏன்?

கந்தப்பளை டீச்சர்:
வணக்கம். கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். டுபாயில வேலை செய்ற அண்ணன் அனுப்பின லெகோ டெக்னிக் பெட்டிய (துளைச் சட்டம், அச்சு, பற்சில்லு எல்லாம் உள்ள விளையாட்டுப் பெட்டி) வச்சு, தரம் 9 பிள்ளைகளோட ஊசல் மணிக்கூடு ஒன்னு செய்றோம். பற்றரி கிடையாது. பாரம் இறங்க இறங்க முள் நகரணும்.

ஊசல் 25 சென்ரிமீற்றர், போய்த் திரும்பி வர்ற ஒரு அலைவுக்கு ஒரு செக்கன். ஊசலோட சேர்ந்து ஆடுற நங்கூரம்ங்கிற துண்டு தடுத்துத் தடுத்து விடுற சில்லுக்கு 8 பல், அது ஒரு சுற்றுக்கு 8 செக்கன். நிமிச முள்ளுக்கு 3,600 செக்கன் வேணும். அதாவது 450 மடங்கு: 40 பல் சில்லுக்கு 8 பல் சில்லு ரெண்டு சோடி, 24க்கு 8 ரெண்டு சோடி, 16க்கு 8 ஒரு சோடி. கணக்கு மிச்சமில்லாம வந்ததும் பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோசம். நிமிச முள் அச்சுல பாரத்தைத் தொங்கவிட்டா கொஞ்ச நேரம் டிக் டிக்னு ஓடுது, பிறகு நின்னுடுது. பாரத்தைக் கூட்டினா அச்சே முறுகுது.

மலையில புவியீர்ப்புக் குறைவுங்கிறதாலயா? தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்க்கலாமா?

பேராதனை மாணவன்:
மிஸ், புவியீர்ப்பு காரணம் இல்ல. உங்களுக்குக் கிட்ட உள்ள நுவரெலியா உயரம் கிட்டத்தட்ட 1,870 மீற்றர். அதனால வர்ற பிந்தல் ஒரு நாளைக்கு அரை நிமிசம்கூட இல்ல. 1672ல பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷேர் பாரிஸ்ல இருந்து மத்தியகோட்டுக்குக் கிட்ட உள்ள கயேனுக்குக் கொண்டுபோன மணிக்கூடு நாளைக்கு ரெண்டரை நிமிசம் பிந்தினிச்சு. ஊசலைக் கொஞ்சம் குறைச்சுச் சரிபண்ணினார். ஈர்ப்புக் குறைஞ்சா மணிக்கூடு பிந்தும், நிக்காது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க.

ஹட்டன் மணிக்கூடு கடைக்காரர்:
டீச்சரம்மா, எண்ணெய் வேணவே வேணாம். உங்க குளிருக்குத் தேங்காய் எண்ணெய் போத்தல்லயே உறையுது, அச்சுல உறையாதா? பென்சில் கரியைச் சீவி, துளையில தூளாத் தடவுங்க, போதும்.

பாரத்தையும் கூட்டாதீங்க. 450 மடங்கு வேகம் கூடினா, இழுவை கடைசிச் சில்லுக்குப் போறப்ப 450ல ஒரு பங்கு. அதுலயும் ஒவ்வொரு சோடியும் உராய்வுக்குக் கொஞ்சம் பிடிச்சுக்கும். அதனால சோடியைக் குறைக்கணும். ஊசலை நீட்டுங்க. தொங்குற இடத்துல இருந்து குண்டோட நடு வரைக்கும் 99 சென்ரிமீற்றர் வச்சா அலைவு 2 செக்கன். உங்க 8 பல் சில்லு 16 செக்கன்ல சுத்தும், அப்ப 225 மடங்கே போதும். 16க்கு 8 சோடியைக் கழட்டிடலாம். வில்லங்கம் பிடிச்சதும் அதுதான். 40க்கு 8 மூனு துளைத் தூரத்துல, 24க்கு 8 ரெண்டு துளைத் தூரத்துல அளவாப் பொருந்தும். 16க்கு 8க்கு ஒன்றரைத் துளைத் தூரம் வேணும். சாதாரணமா ஒரே வரிசைத் துளையில அதை மாட்டினா நெருக்கும், இல்லாட்டி ஆடும்.

பிறகு ஒவ்வொரு அச்சையும் தனியா விரலால சுண்டுங்க. கொஞ்ச நேரம் தானாச் சுத்தணும். உடனே நின்னா புஷ் (அச்சு நகராமப் பிடிக்கிற சின்ன வளையம்) சட்டத்தோட ஒட்டுது, ஒரு கடதாசி நுழையிற அளவு விலக்குங்க. பிள்ளைகள் அவசரப்படுவாங்க, விடாதீங்க. மணிக்கூட்டு வேலையில பாதி இந்த இடைவெளிதான்.

ஊசலை அச்சு போட்டுத் துளையில தொங்கவிட்டிருந்தா அதை மாத்துங்க. பழைய சுவர் மணிக்கூட்டைத் திறந்தா மெல்லிய உருக்குத் தகடு ஒன்னு ஊசலைத் தாங்கும். உங்களுக்கு எக்ஸ்ரே பிலிம்ல ஒரு கீத்து வெட்டினா போதும். முழுசையும் ஒரு பலகையில பூட்டிச் சுவத்துல அடிங்க. மேசையில நின்னா மேசையும் சேர்ந்து ஆடி, ஊசலோட பலத்தைத் தின்னுடும்.

கந்தப்பளை டீச்சர்:
நன்றிங்க அண்ணே. அஞ்சு சோடி நாலானா முள் எதிர்ப்பக்கம் சுத்துமேன்னு ஒரு பிள்ளை கேக்குது.

ஹட்டன் மணிக்கூடு கடைக்காரர்:
அந்தப் பிள்ளை சரியாத்தான் கேக்குது! நங்கூரத்தையும் 8 பல் சில்லையும் முன்பக்கம் பின்பக்கமாத் திருப்பி மாட்டுங்க. முள் நேரா ஓடும். பாரக் கயிறு இப்ப இருக்கிற பக்கமே இருக்கட்டும். ஓட்டிவிட்டு, காதை வச்சுக் கேளுங்க. டிக்குக்கும் டாக்குக்கும் நடுவுல இடைவெளி சமமா இல்லன்னா, பலகையை இடமோ வலமோ மயிரளவு சாய்ச்சு, சமமாக் கேக்குற இடத்துல இன்னொரு ஆணி அடிச்சிடுங்க.