புதுப்பிப்பு: பெங்களூர் பெல்லந்தூர் இன்டர்வியூவுக்குப் பதில் வந்துவிட்டது

நான்கு ரவுண்டு முடிந்து, "ரெண்டு நாள்ல சொல்றோம்" என்ற ஹெச்ஆர் அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். நேற்று அவங்களே கூப்பிட்டாங்க. வேலை எனக்கு இல்லை.

வேறொருவருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு, அவர் சேருவாரா என்று தெரியும்வரை என்னை ஹோல்டில் வைத்திருந்தார்களாம். பெங்களூர் ஐடியில் 90 நாள் நோட்டீஸ் சகஜம்; ராஜினாமா செய்த பிறகும் அதுவரை பழைய கம்பெனியிலேயே இருக்க வேண்டும். கையில் ஆஃபரை வைத்துக்கொண்டு வேறு இடத்தில் கூடுதலாகக் கேட்பவர்களும் உண்டு. அதனால் இரண்டாவது ஆளை விட்டுவிடப் பயப்படுகிறார்கள். புரிகிறது. ஆனால் "முடிவாக நாளாகும், மற்ற இடமும் பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தால், நான் இரண்டு இன்டர்வியூவைத் தள்ளிப் போட்டிருக்க மாட்டேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மேனேஜருக்கு நேராக மெயில் போடச் சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி. போட்ட மறுநாள்தான் இந்த போன். மேனேஜரும் தனியாகப் பதில் எழுதினார்: கேஷில் (cache, வேகமாக எடுக்க டேட்டாவின் நகலைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) பழைய டேட்டா தங்கிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியில்தான் சறுக்கியிருக்கிறேன். அதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாரத்தஹள்ளியில் அடுத்தது. எழுந்து வருவதற்கு முன்பே கேட்டுவிடுவேன்: பதில் யார் சொல்வாங்க, எந்தத் தேதிக்குள்ள?