உதவி தேவை: ‘முத்து வங்கி’ என்று வந்து நிற்கிறது, ‘பேங்க்’ என்ற சொல்லை எப்படிச் சரிசெய்வது?

கீழக்கரை மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்காக எங்கள் கரையின் முத்துக்குளிப்பு பற்றி ஒரு பலகை எழுதுகிறேன். மாமா ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்த ஆறு பக்கக் குறிப்பைப் போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். ‘பேங்க்’ என்ற சொல் அதில் 14 இடத்தில் வருகிறது. 14 இடத்திலும் ‘வங்கி’ என்றே வந்திருக்கிறது.

“முத்து வங்கியின் ஆழம் 8 பாகம்.” “படகு மணல் வங்கியில் தட்டி நின்றது.” “வைகையின் இடது வங்கி.” “துடுப்பு வங்கியோடு படகு வந்தது.” “இரவில் நெருப்பை வங்கியில் போட்டார்கள்.” “கடலை வங்கி செய்ய முடியாது.”

சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். உம்மா அடுப்படியிலிருந்து, “முத்து வங்கியா? கையில் போடுகிற வங்கியா?” என்று கேட்டார்கள். அவர்களிடம் முழங்கைக்கு மேலே போடும் பழைய வங்கி ஒன்று இருக்கிறது, அதைத்தான் நினைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை பலகையைக் கொடுக்க வேண்டும். ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? எங்கே எதைப் போடுவது?

பாம்பன் பையன்:
மொத்தமாக ‘வங்கி’யை எடுத்துவிட்டு ‘கரை’ என்று மாற்றிவிடு. ஆற்றுக்கும் கண்மாய்க்கும் அதுதானே சரி.

கீழக்கரை மாணவி:
மாற்றிப் பார்த்தேன். வைகை சரியாகிவிட்டது. ஆனால் ‘முத்துக் கரையின் ஆழம் 8 பாகம்’ என்று வருகிறது. கிட்டத்தட்ட 48 அடி ஆழத்தில் கரை எப்படி இருக்கும்? கடைசிப் பக்கத்தில் வியாபாரி பேங்கில் பணம் கட்டினார் என்று ஒரு வரி. அது ‘வியாபாரி கரையில் பணம் கட்டினார்’ ஆகிவிட்டது.

மண்டபம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மகளே, ஒரே மாற்றாக எல்லா இடத்திலும் போடாதே. அந்தச் சொல் இரண்டு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது.

முதல் வழி, ஸ்காண்டினேவியப் பழைய மொழி. அங்கே அதற்கு மேடு, சரிவு என்று பொருள். ஆற்றின் ஓரம் மேடாக இருக்கும், அதனால் ஆற்றங்கரை. கடலுக்கு அடியிலும் தரை ஓரிடத்தில் மேடாக எழும்பும், அதையும் அவர்கள் அப்படியே சொன்னார்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் நிறைந்த ஓர் இடத்தை நம் செய்தித்தாள்கள் ‘வாட்ஜ் பேங்க்’ என்று எழுதுகின்றன அல்லவா? பணம் போடும் இடம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கும் மணல்திட்டுகளும் இந்த வகைதான். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புவதற்கும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள், சரிவு என்ற பொருளில்.

நெருப்புக்கும் இந்த வழிதான். சாம்பலை மேடாகக் குவித்துத் தணலை மூடிவைப்பது. காலையில் கிளறினால் கங்கு இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதேதான். ‘இரவில் தணலைச் சாம்பலால் மூடிவைத்தார்கள்’ என்று எழுது.

இரண்டாவது வழி இத்தாலி. அங்கே நாணயம் மாற்றுகிறவர் முன்னால் ஒரு பலகை இருக்கும். அதற்கு ‘பாங்கா’ என்று பெயர். 15ஆம் நூற்றாண்டில் அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. திவாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அங்கிருந்து வந்ததுதான், ‘உடைந்த பலகை’ என்பது அதன் பொருள். விருந்தைக் குறிக்கும் ‘பாங்க்வெட்’டும் அதே வேர்தான், ‘சின்னப் பலகை’ என்பது அதன் பொருள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அந்த இத்தாலியப் பலகையே பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து போனது. வகுப்பில் உட்காரும் பெஞ்சும், முதலில் சொன்ன ஸ்காண்டினேவிய மேடும் அதே குடும்பம். ஆக, மேடும் பலகையும் பல நூற்றாண்டு பிரிந்திருந்து ஒரே எழுத்துக்கூட்டலில் திரும்பச் சேர்ந்திருக்கின்றன. துடுப்புப் போடுகிறவர்கள் உட்காரும் குறுக்குப் பலகைக்கும் இந்தப் பெயர் உண்டு. பிறகு துடுப்பு வரிசைக்கே பெயராகிவிட்டது. அங்கே ‘வரிசையாகத் துடுப்புப் போட்டுவந்த படகு’ என்று மாற்று.

தொண்டி வாசகி:
ரத்த வங்கி எந்த வழி ஐயா?

மண்டபம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பண வழிதான். சேமித்து வைத்து, வேண்டும்போது எடுப்பது. 1937இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபான்டஸ் என்ற மருத்துவர் வைத்த பெயர். ‘கடலை வங்கி செய்ய முடியாது’ என்பதும் இதன் நீட்சி, போட்ட பணம் இருக்கும் என்று நம்புவது போல நம்புவது. ‘கடலை நம்பி இருந்துவிட முடியாது’ என்று போடு.

ஏர்வாடி, சங்குத் தொழில்:
தங்கச்சி, முக்கியமானதை யாரும் இன்னும் சொல்லவில்லை. முத்துச்சிப்பி கிடக்கிற அந்த இடத்துக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. பார். முத்துப்பார். வெள்ளைக்காரர் நம்மிடம் கேட்டுத்தான் எழுதினார்கள், பழைய ஆங்கில அறிக்கைகளிலேயே ‘பார்’ என்று இருக்கும். தூத்துக்குடிக்கு எதிரே தொலையிரம் பார் இருக்கிறது. நம் பக்கத்தில் ஆனைப்பார் தீவு என்று பெயரே இருக்கிறதே.

பார் என்றால் கடலடியில் கல்லும் பாறையுமாகக் கிடக்கிற தரை. கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கினால் கையிலேயே தெரியும். சேறு என்றால் குண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும், எடுக்கும்போது கனக்கும். மணல் என்றால் மெத்தென்று உட்காரும். பார் என்றால் ‘டக்’கென்று தட்டும், கொஞ்சம் இழுத்தால் கல்லில் உரசுவது விரலுக்கு வரும். அந்த இடத்தில் தூண்டில் போட்டால் களவா, விளமீன் கிடைக்கும். இடத்தை மறக்காமல் இருக்க, கரையில் இருக்கிற மினாராவையும் ஒரு பனையையும் நேராக வைத்துப் பார்த்துக்கொள்வோம். சிப்பி ஒட்டிப் பிடித்து வளர்வதற்குக் கல் வேண்டும், அதனால்தான் பாரில் இருக்கிறது.

கீழக்கரை மாணவி:
காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), இதைத்தான் தேடினேன்! வாப்பாவும் சின்ன வயதில் சங்கு குளிக்கப் போனவர்கள். கேட்டதும், “பார்தான், வேறென்ன” என்றார்கள். நான் முதலிலேயே அவர்களிடம் கேட்டிருக்கலாம்.

ஆனால் புதுப் பிரச்சினை. ‘முத்துப் பார்’ என்று எழுதியதை என் தோழி ‘முத்து, பார்!’ என்று யாரையோ கூப்பிடுவது போலப் படித்தாள். இன்னொருத்தி மதுக்கடை பாரா என்கிறாள்.

மண்டபம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நம் சொல்லுக்கும் பல பொருள் உண்டு மகளே. பார் என்றால் உலகமும்தான். சேர்த்து ‘முத்துப்பார்’ என்று எழுது, இடைவெளி விடாதே. முதல் இடத்தில் மட்டும் ‘முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைத்தரையான முத்துப்பார்’ என்று விளக்கிவிடு. அப்புறம் குழப்பம் வராது.

ஏர்வாடி, சங்குத் தொழில்:
‘8 பாகம்’ என்று வந்தது சரி, அதை மீட்டராக்காதே. கைகளை விரித்துக் கயிற்றை அளக்கிற அளவு அது. ஒரு பாகம் ஆறடி. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள். இப்போதும் நடக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

கீழக்கரை மாணவி:
சேர்த்துவிட்டேன். கணக்கு இப்படி வந்திருக்கிறது: முத்துப்பார் 8 இடம், மணல்திட்டு 1, ஆற்றங்கரை 1, துடுப்பு 1, தணல் 1, நம்பிக்கை 1. ஆற்றில் இடது கரை எது என்று வாப்பா கேட்டார்கள். தண்ணீர் ஓடும் பக்கம் முகம் வைத்து நின்றால் இடது கைப் பக்கம் என்று அகராதியில் பார்த்துச் சொன்னேன்.

மீதி ஒன்று, அந்த வியாபாரி பணம் கட்டிய வரி. அதை வங்கி என்றே விட்டுவிட்டேன். உம்மாவிடம் மட்டும் அது கையில் போடுகிறது இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

பாம்பன் பையன்:
பலகை தயாரானதும் படம் போடு. திங்கட்கிழமை நாங்களும் வருகிறோம்.