டிரெய்லர் இழுக்கக் கனரக டீசல் பிக்கப்: தேர்ந்தெடுத்தவர்களின் அனுபவங்கள்

டென்வர், கொலராடோ

ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (முன்பகுதி டிரக்கின் பின்தட்டிலுள்ள கொக்கியில் அமரும் வகை) ஒன்றை வாங்குவதென்று வீட்டில் முடிவானதும் அதை இழுப்பதற்கான டீசல் டிரக்கைத் தேடத் தொடங்கினோம். எந்த விற்பனைக் கூடத்துக்குச் சென்றாலும் முதலில் காதில் விழுந்தது இழுவைத் திறன்தான். இது 18,000 பவுண்டு இழுக்கும், அது 20,000 பவுண்டு இழுக்கும் என்றார்கள். அது பொய்யான கணக்கன்று; ஆயினும் நம் முடிவை நிர்ணயிக்கும் எண் அதுவன்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் மஞ்சள் பட்டையிட்ட ஒரு சிறிய ஒட்டி இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். இதைத்தான் பேலோடு என்கிறோம்.

எங்கள் டிரெய்லர் பொருள்களோடு ஏறத்தாழ 13,000 பவுண்டு. ஃபிஃப்த் வீல் டிரெய்லர்களில் மொத்த எடையின் ஐந்தில் ஒரு பங்கு டிரக்கின் பின் அச்சின்மீது இறங்கும் என்று கணக்கிடுவது வழக்கம். அதன்படி 2,600 பவுண்டு. நாங்கள் நால்வர், நாய், கொக்கி அமைப்பு, பின்தட்டில் ஏற்றும் சாமான்கள் எல்லாவற்றையும் கூட்டினால் 3,400 பவுண்டைத் தொடுகிறது. நான் முதலில் பார்த்த, ‘முக்கால் டன்’ என்று அழைக்கப்படும் 250/2500 வகை டீசல் டிரக்கின் ஒட்டியிலோ 2,300க்கும் குறைவாகவே இருந்தது. பல ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 வகைகளில் வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டை ஒட்டியே அமைகிறது. நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், கனமான டீசல் எஞ்சின் ஆகியவற்றோடு வண்டியே ஏழாயிரத்துச் சொச்சம் எடை கொண்டுவிடுவதால், சுமைக்கு மிஞ்சும் இடம் சுருங்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே டிரக்கைப் பெட்ரோல் எஞ்சினோடு வாங்கினால் பேலோடு பல நூறு பவுண்டு கூடும். தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் சேர்த்த உயர்ரக வடிவங்களில் அது இன்னும் குறையும்.

இழுவைத் திறனை அளக்கும் எஸ்ஏஇ ஜே2807 சோதனையைப் பற்றியும் ஒரு சொல். அரிசோனாவின் டேவிஸ் அணைச் சரிவில் 11.4 மைல் தூரம், கடும் வெயிலில், குளிர்சாதனத்தை முழுவதுமாக இயக்கியபடி ஏறும் சோதனை அது. எஞ்சினுக்கும் குளிர்விப்பு அமைப்புக்கும் அது நல்ல பரீட்சைதான். ஆனால் உள்ளே தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே இருப்பதாக அதில் கொள்கிறார்கள். என் குடும்பம் அந்தக் கணக்கில் அடங்காது.

ஆகவே அடுத்த கனமான வகையான 3500க்கு மாறினோம்; பக்கத்துக்கு ஒரே பின்சக்கரம் உள்ளது. பொருள்களை ஏற்றியபின் நெடுஞ்சாலை டிரக் நிறுத்தத்திலுள்ள எடைமேடையில் அச்சு வாரியாக எடை பார்த்தோம். எல்லாம் வரம்புக்குள் இருந்தன. ஐ-70 நெடுஞ்சாலையில் 11,000 அடிக்கும் மேலுள்ள ஐசனோவர் சுரங்கத்துக்கு ஏறுவதைக் காட்டிலும், அதன் மேற்குப் பக்கம் ஏழு சதவீதச் சரிவில் டில்லனை நோக்கி இறங்குவதில்தான் டீசலின் அருமை தெரிந்தது. டர்போவின் தகடுகள் மூடிக்கொண்டு புகைப்போக்கில் எதிரழுத்தம் உண்டாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், கால் பிரேக்கை அவ்வப்போது மட்டும் தொட்டுக்கொள்ளும்படி வேகத்தைப் பிடித்து வைத்தது.

ஆஸ்டின், டெக்சாஸ்

டென்வர் நண்பர் சொன்ன பேலோடு கணக்கை முழுமையாக ஏற்கிறேன். பழைய வண்டி வாங்குவோர் அதற்கு அடுத்தபடியாக எரிபொருள் பம்ப்பைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து. 2011 முதல் 2016 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் டீசல் எஞ்சின்களிலும், 2011 முதல் வந்த ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கிலும் பாஷ் நிறுவனத்தின் சிபி4 என்ற உயரழுத்த எரிபொருள் பம்ப் உண்டு. அந்தப் பம்ப்புக்கு மசகாகவும் டீசலே பயன்படுவதால், உள்ளே தேய்ந்து உடைந்தால் இரும்புத் துகள்கள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரை சென்று எரிபொருள் அமைப்பு முழுவதையும் மாற்றும் நிலை வரலாம். செலவு பத்தாயிரம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. தன் வண்டிகளிலுள்ள கம்மின்ஸ் 6.7 லிட்டர் எஞ்சினில் 2019, 2020 ஆண்டு வண்டிகளுக்கு இதே பம்ப்பைப் பொருத்திய ராம், பின்னர் அவற்றைத் திரும்ப அழைத்துப் பழைய சிபி3 பம்ப்புக்கே மாறியது. டியூராமேக்ஸ் 2017 முதல் டென்சோ பம்ப்புக்குச் சென்றுவிட்டது. ஆகவே நான் பார்த்த ஒவ்வொரு பழைய வண்டிக்கும் எரிபொருள் வடிகட்டி மாற்றிய ரசீதுகளைக் கேட்டேன். இல்லை என்றவர்களிடம் விலை பேசவில்லை. குதிரைத்திறனையும் டார்க் எனும் சுழற்று விசையையும் வைத்து மூன்று நிறுவன ரசிகர்களும் நடத்தும் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. 1,200 பவுண்டு-அடி டார்க் கொண்ட ஃபோர்டு உயர்திறன் எஞ்சின் என் கால்நடை டிரெய்லருக்குத் தேவைக்கு மேற்பட்டது.

துலூத், மினசோட்டா

டீசல்தான் வேண்டும் என்பதில் நான் மாறுபடுகிறேன். எங்களுடையது 7,000 பவுண்டு படகு டிரெய்லர். கோடையில் ஏரிக்குப் போய் வருவதோடு சரி. மற்ற நாள்களில் டிரக் ஊருக்குள் சிறு தூரம்தான் ஓடும். புகை வடிகட்டியில் சேரும் கரியை எரித்துத் தீர்க்க டீசல் எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுந்தூரம் ஓட வேண்டும். அது எங்கள் பழக்கத்துக்கு ஒத்துவராது. போதாததற்கு, புகையைச் சுத்திகரிக்க ஊற்றும், மைனஸ் 11 டிகிரி செல்சியஸிலேயே உறையும் யூரியா திரவம், குளிரில் கட்டிப்படும் டீசல், எஞ்சினைச் சூடாக வைக்க இரவெல்லாம் மின்சாரத்தில் செருகி வைக்க வேண்டிய பிளாக் ஹீட்டர். அந்தப் புகை வடிகட்டியை அகற்றிவிடலாம் என்று ஆலோசனை கூறும் பட்டறைகள் உண்டு. அது கூட்டாட்சிச் சட்டத்துக்குப் புறம்பானது. ஏறத்தாழ பத்தாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்து டீசல் வாங்குவதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுள்ள எஃப்-250 வாங்கினேன். எரிபொருள் அதிகம் குடிக்கிறது என்பது உண்மைதான்.

ஃப்ரெஸ்னோ, கலிஃபோர்னியா

எங்கள் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் 16,000 பவுண்டு என்பதால் டியூயலி எனப்படும், பக்கத்துக்கு இரண்டு பின்சக்கரம் கொண்ட டிரக் வாங்கினோம். பக்கக்காற்றில் அதன் நிலைத்தன்மைக்கு ஈடில்லை. ஆனால் பின்புறம் எட்டடி அகலம் என்பதால் வங்கி, கடை வாகன நிறுத்தங்களில் தொலைவில்தான் இடம் தேட வேண்டும். எங்கள் மாநிலத்தில் 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீல் இழுக்க, சொந்தப் பயன்பாட்டுக்கென்றாலும் வணிகமல்லாத கிளாஸ் ஏ ஓட்டுநர் உரிமம் வேண்டும். டிரக் வாங்கும்போது இதை விற்பனையாளர் எவரும் குறிப்பிடவில்லை. கையேட்டில் படித்துத் தெரிந்துகொண்டு, முன்பணம் கட்டுவதற்கு முன்பே தேர்வுக்கு நாள் பதிவு செய்தேன்.