35 வயசுக் கொடி: ருசியா, வெறும் லேபிளா?

தேறல்பித்தன்:
தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்லாண்ட் பகுதியிலிருந்து ஒரு செனின் பிளாங், அதாவது அந்தப் பேர்த் திராட்சையில் செய்த வெள்ளை ஒயின், போன வாரம் கிடைத்தது. பாட்டில் முத்திரையில் கொடி நட்ட வருஷம் 1974 என்று போட்டிருந்தது. பழுத்த பேரிக்காய் வாசனை, லேசாகத் தேன், கடைசியில் நாக்கோரத்தை இழுக்கிற புளிப்பு. இளங்கொடியில் இது வராது என்பது என் கட்சி.

கணக்குப்பிள்ளை:
கொடிக்கு 35 வயசு ஆகிவிட்டால் அந்த முத்திரை. 34-ல் இல்லாத ஞானம் 35-ல் வந்துவிடுமா? எங்கள் தோப்பிலும் கிழத் தென்னைகள் நிற்கின்றன. காய்ப்புதான் குறைந்தது, இளநீர் இனித்ததாக யாரும் சொல்லவில்லை.

தேறல்பித்தன்:
காய்ப்பு குறைந்தால் மிச்சக் குலையில் ருசி கூடும், அதில்தானே விஷயமே! அங்கே இந்தப் பழைய கொடிகளுக்குப் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. குத்துச்செடி மாதிரி நிற்கும். மழை குளிர்காலத்தோடு சரி, கோடை முழுக்க மானாவாரிதான். 2018-ல் கேப் டவுனில் குழாயையே மூடப் போகிறோம் என்றார்களே, அந்த மாதிரி வறட்சியைத் தாங்குவது ஆழ வேர் போன கொடிதான்.

கணக்குப்பிள்ளை:
அது மானாவாரியின் பெருமை, வயசின் பெருமை இல்லை. இளங்கொடியில் குலையைக் கிள்ளிவிட்டாலும் விளைச்சல் குறையும். இன்னொன்று, சுமாரான தோட்டத்தையெல்லாம் எப்போதோ பிடுங்கியிருப்பார்கள். மிஞ்சியதை மட்டும் பார்த்து வயசுதான் காரணம் என்பது, தொண்ணூறு வயசுத் தாத்தாவைக் காட்டி பீடி உடம்புக்கு நல்லது என்கிற கதை.

கேப்வாசி:
இங்கே ஓர் ஒயின் ஆலையில் இரண்டு அறுவடை வேலை பார்த்தவன் நான். கணக்கு அண்ணே, பிடுங்கினது ருசி பார்த்து இல்லை, எடை பார்த்து. செனினை இங்கே ஸ்டீன் என்பார்கள். ரொம்ப காலம் பிராந்திக்கும் மலிவு ஒயினுக்கும் போன திராட்சை, டன் கணக்கில்தான் காசு. நல்ல கொடியும் சேர்ந்துதான் போனது. ரோசா க்ரூகர் என்பவர் 2002-லிருந்து பழைய தோட்டங்களைத் தேடித் தேடிப் பட்டியல் போட்டார். 2016-ல் அது ஓல்ட் வைன் ப்ராஜெக்ட் (பழைய திராட்சைக்கொடித் திட்டம்) ஆனது, உங்கள் முத்திரை அவர்களுடையது. பாட்டில் விலை ஏறினால்தான் விவசாயி கொடியை விட்டுவைப்பார்.

ஆலையிலும் பாதி இருக்கிறது. குலையோடு மெதுவாகப் பிழிந்து, வெளி ஈஸ்ட் போடாமல், பழைய பீப்பாயில் விட வேண்டும். புது ஓக் மரப் பீப்பாயில் ஊற்றினால் எந்த வயசுக் கொடியும் வெனிலா வாசனைதான்.

கணக்குப்பிள்ளை:
விலை நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ருசிக்கு நீங்களே பீப்பாயைச் சாட்சிக்கு இழுத்துவிட்டீர்கள். ஒரே சரிவு, ஒரே ஆலை, பத்து வயசும் ஐம்பது வயசும். லேபிளை மூடி ஊற்றுங்கள், கண்டுபிடித்தால் நான் வாயை மூடுகிறேன்.

தேறல்பித்தன்:
நான் தயார். பாட்டில் காசு யார் கணக்கு, பிள்ளைவாள்?