தாத்தாவின் ரிவால்வர்: லைசென்ஸில் வெப்ளி, கையில் இருப்பது வேறு

ஆழ்வார்குறிச்சிக்காரன்:

அண்ணாச்சிமார் யாருக்காவது பழைய ரிவால்வர் பற்றித் தெரிந்தால் சொல்லுங்கள். தாத்தா போன ஐப்பசியில் தவறிவிட்டார். அவர் பெயரில் இருந்த ரிவால்வரைத் திருநெல்வேலியில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் டெபாசிட் செய்து ரசீதும் வாங்கிவிட்டோம், அதில் பிரச்சினை இல்லை. லைசென்ஸ் புத்தகத்தில் '.38 வெப்ளி ரிவால்வர்' என்று, இங்கிலாந்துக் கம்பெனியின் பெயரை மையால் எழுதியிருக்கிறது. கடைக்காரர் பார்த்தவுடன், இது வெப்ளி இல்லையே தம்பி என்றுவிட்டார். தாத்தா 1958-ல் மெட்ராஸில் பழையதாக வாங்கியது, அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கடையில் வைத்தே பார்த்து எழுதிக்கொண்டதைச் சொல்கிறேன். உடம்பு முழுக்க நிக்கல் முலாம், ஹேமர், ட்ரிகர் உட்பட. முலாமுக்கு அடியில் ஊசியால் குத்தியதுபோலத் துருக்குழிகள். ஆறு தோட்டா சிலிண்டர், இடது பக்கம் வெளியே சாய்ந்து திறக்கிறது. பேரல் நான்கு அங்குலம். அதன் இடது பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் தேய்ந்துபோய், கடைசி வார்த்தை மட்டும் நுனி வரை ஓடுகிறது. வலது பக்கம் '38 எஸ் & டபிள்யூ சிடிஜி'. இன்னொரு இடத்தில் பொடியாக '.767' என்றும் '3½ டன்' என்றும் இருக்கிறது. கைப்பிடியின் அடியில் ஓட்டையை அடைத்த வட்டம், அதற்கு ஒரு பக்கம் 'வி', மறுபக்கம் ஆறு இலக்க எண். கைப்பிடி மான் கொம்பு என்கிறார் சித்தப்பா. வாஞ்சிநாதன் வைத்திருந்த அதே ரகம் என்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மணிமுத்தாறு:

சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் ஆஷ் மேல் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல், ரிவால்வரே கிடையாது. உங்களுடையது அதற்கு முப்பது வருஷமாவது இளையது.

வெப்ளி என்றால் நடுவில் மடிந்து திறக்கும். பேரலும் சிலிண்டரும் சேர்ந்து முன்பக்கம் கவிழும், காலித் தோட்டாக்கள் தானாக மேலே எழும்பும். சிலிண்டர் மட்டும் பக்கவாட்டில் வந்தால் அது வெப்ளி இல்லை. அந்தக் காலத்தில் பேச்சுக்கு ரிவால்வர் என்றாலே வெப்ளிதான், எழுதியவரும் அப்படியே எழுதியிருப்பார். அடியில் உள்ள 'வி'தான் துப்பு. அது அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி செய்த விக்டரி மாடல். எண்கள் பத்து லட்சத்தைத் தொட்டதும் 1942-ல் 'வி' போட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள், 1945 வரை போனது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கும் அதன் கூட்டு நாடுகளுக்கும் ஐந்து லட்சத்துக்கு மேல் போயின. நான்கு அங்குலப் பேரல் கம்பெனியே போட்ட அளவுதான். ஆனால் போர்க்கால விக்டரிக்கு மங்கிய சாம்பல் பூச்சும் வழவழப்பான வால்நட் மரக் கைப்பிடியும்தான் கொடுத்தார்கள். நிக்கலும் கொம்பும் பிறகு யாரோ போட்டவை.

ஓய்வுபெற்ற ஆர்மரர், பாளை:

துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் வேலை பார்த்தவன் சொல்கிறேன், விக்டரி என்பது சரி. பேரல் மட்டும் கம்பெனி அளவு என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு அங்குலம் பெரும்பாலும் அமெரிக்கப் படைக்குப் போனது, அதில் '.38 ஸ்பெஷல்' என்று வேறு வகைத் தோட்டாவின் பெயரை அடித்திருப்பார்கள். உங்களுடையதில் 'ஸ்பெஷல்' என்ற வார்த்தை இல்லை. அப்படியென்றால் அது பிரிட்டிஷ் ஆர்டர், அதற்கு வழக்கமான நீளம் ஐந்து அங்குலம். இடது பக்க எழுத்து நுனி வரை ஓடுகிறது என்றீர்களே, அதுதான் எனக்குப் பெரிய சாட்சி. கம்பெனி அடித்த எழுத்து பேரலின் நடுவில் நிற்கும், முன்பக்கத்தை அறுத்தால்தான் இப்படி ஓரத்துக்கு வந்துவிடும். குறிபார்க்கும் அரைவட்டத் தகடு பேரலோடு ஒரே இரும்பாக இருக்க வேண்டும். அதன் அடியில் பற்றவைத்த கோடு தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முலாமைப் பற்றியும் ஒன்று. கம்பெனியே நிக்கல் போட்ட ஸ்மித்தில்கூட ஹேமருக்கும் ட்ரிகருக்கும் நிக்கல் ஏறாது, அவை சூட்டில் பதம் போட்ட நிறத்திலேயே இருக்கும். துருக்குழியை முழுசாக எடுக்காமல் பாலிஷ் போட்டு முலாம் பூசியவர் எழுத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். அடைத்த ஓட்டை, இடுப்புக் கயிறு மாட்டும் வளையம் இருந்த இடம்.

அப்புறம் முக்கியமானது. '.767' என்பது தோட்டாக் கூட்டின் நீளம், அங்குலத்தில். '3½ டன்' இங்கிலாந்தில் சோதனை செய்து அடித்த அழுத்த அளவு. சோதிக்கும்போது இது .38 எஸ் & டபிள்யூ, அதாவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டாவுக்கு இருந்தது என்று அர்த்தம். போருக்குப் பிறகு இந்த மாடலை நிறையப் பேர் பேரலை அறுத்து, சிலிண்டர் அறைகளை ஆழமாகக் குடைந்து, .38 ஸ்பெஷல் போடும்படி மாற்றினார்கள். ஸ்பெஷலின் கூடு 1.155 அங்குலம், கொஞ்சம் ஒல்லியும்கூட. குடைந்த அறையின் பின்பாதி அதற்கு அகலமாகப் போய்விடும், சுட்டால் கூடு உப்பும், வெடிக்கவும் செய்யும். கடைக்காரரிடம் ஸ்பெஷலின் காலிக் கூடு இருந்தால் அறையில் விட்டுப் பார்க்கட்டும். குடையாத அறையில் அது பாதியில் தட்டி நிற்கும், விளிம்பு வரை இறங்கினால் குடைந்திருக்கிறது. எப்படியானாலும் இதைச் சுடவே கூடாது. இன்னொரு தடவை பாலிஷும் போட விடாதீர்கள், மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும்.

அடியில் உள்ள எண் சிலிண்டரின் பின்முகத்திலும் பேரலின் அடித்தட்டையிலும் இருக்கும். மூன்றும் ஒன்றா என்று பாருங்கள்.

கொக்கிரகுளம் வக்கீல்:

நூறு வருஷம் ஆகப் போகிறது, பழம்பொருள், லைசென்ஸ் வேண்டாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். இது சுடக்கூடியது.

வாரிசு பெயருக்கு மாற்ற 2016 ஆயுத விதிகளில் 25-ஆம் விதி இருக்கிறது. ஆனால் .38 தடைசெய்யப்பட்ட குழல் அளவு ('புரொஹிபிட்டட் போர்'), அதற்கு லைசென்ஸ் தருவது கலெக்டர் இல்லை, டெல்லியில் உள்துறை. மனுவில் 'வெப்ளி' என்றே எழுதிவிடாதீர்கள். இன்ன கம்பெனி, இன்ன எண், பதிவில் பெயர் தவறாக இருக்கிறது என்று கடைக்காரரின் எழுத்துச் சான்றோடு கொடுங்கள். 8-ஆம் பிரிவின்படி, எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்ததாகத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள், ஆகவே இருக்கிற எண்ணை இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். தேர்தலுக்குத் தேர்தல் தாத்தா ஸ்டேஷனில் ஒப்படைத்திருப்பாரே, அந்த ரசீதுகளைத் தேடுங்கள், எண் அதிலும் இருக்கும். சித்தப்பா பெயரில் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கைப்பிடி நிஜ மான் கொம்பு என்றால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். களக்காடு முண்டந்துறை காட்டை ஒட்டி இருக்கிறோம், வனத்துறை இதை லேசில் விடாது. கழற்றி விற்கவோ கொடுக்கவோ வேண்டாம், முதலில் அது கொம்பா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள்.

ஆழ்வார்குறிச்சிக்காரன்:

கடைக்குப் போய்வந்தேன் அண்ணாச்சி. குறித்தகட்டின் அடியில் பற்றவைத்த கோடு சுற்றிலும் தெரிகிறது. ஸ்பெஷல் கூடு ஆறு அறையிலும் விளிம்பு வரை இறங்கியது. அடியிலும் பேரலிலும் ஒரே எண், சிலிண்டரில் வேறு எண். கைப்பிடியைக் கழற்றியபோது உள்பக்கம் அச்சில் வார்த்த கோடு ஓடியது, பிளாஸ்டிக்தான். ஆச்சியின் பெட்டியில் 1967 தேர்தல் ரசீது கிடைத்தது, அதில் 'வி'யோடு எண் அப்படியே இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆர்மரர், பாளை:

அப்போது சிலிண்டர் இன்னொரு விக்டரியிலிருந்து வந்தது. அதையும் கடைக்காரரின் சான்றில் எழுதச் சொல்லுங்கள் தம்பி, இரண்டு எண்ணையும் தனித்தனியாக.