சமுதாய வங்கியின் இயக்குநர் குழுவில் உள்ளூர்த் தொழிலதிபர்கள் ஏன்?

கேள்வி:
அமெரிக்காவின் சிறிய சமுதாய வங்கிகளில், வங்கித் தொழிலே அறியாத உள்ளூர் வணிகர்களும் ஒப்பந்ததாரர்களும் இயக்குநர்களாக இருப்பதைக் காண்கிறேன். பொறுப்போ பெரிது, பிறகு ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்?

மறுமொழி 1:
சட்டமும் ஒரு காரணம். தேசிய வங்கி (கூட்டாட்சி அரசின் உரிமத்தில் இயங்குவது) எனில், இயக்குநர்களில் பெரும்பான்மையோர் தேர்வுக்கு முன் ஓராண்டாவது அந்த மாநிலத்திலோ, வங்கி அலுவலகத்திலிருந்து 100 மைலுக்குள்ளோ வசித்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் வங்கிக்கு உண்மையில் தேவைப்படுவது அவர்களுடைய அறிமுகம்தான். கடன் கேட்பவர் தமக்குச் சரக்குத் தந்தவர்களுக்கு நாள் தவறாமல் பணம் கட்டுகிறாரா, அவருடைய வாடிக்கையாளர்கள் நழுவிக்கொண்டிருக்கிறார்களா என்பதையெல்லாம் இருப்புநிலைக் குறிப்பு சொல்லாது. அதே சந்தையில் தொழில் செய்பவர் அறிவார்.

மறுமொழி 2:
தமக்கு எளிதாகக் கடன் கிடைக்கும் என்பதுதான் காரணம், வேறென்ன?

மறுமொழி 3:
அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. வங்கியின் உள்வட்டத்தாருக்குத் தரும் கடன்களைக் கட்டுப்படுத்தும், அமெரிக்க மத்திய வங்கியின் 'ரெகுலேஷன் ஓ' விதிப்படி, இயக்குநருக்கும் மற்றவர்களுக்குத் தரும் அதே வட்டியில், அதே பிணையத்தில்தான் கடன் தர வேண்டும்; தொகை வரம்பை மீறினால் குழுவின் முன்னனுமதி தேவை, அந்த வாக்கெடுப்பில் அவர் பங்கேற்கக் கூடாது. பலர் அவ்வங்கியின் பங்குதாரர்கள் என்பதே வலுவான காரணமாக எனக்குத் தோன்றுகிறது. ஊரில் கிடைக்கும் மதிப்பையும் (யாரும் வெளியில் சொல்வதில்லை) சேர்த்துக்கொள்ளலாம்.